ஐம்பது வருஷத்துப் பெட்டி

சோழபுரம்,
06.11.2024

செல்வி அப்பாவுக்கு,

நாகஜோதி எழுதுவது. இங்கே எனக்கும் செல்விக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். "நல்லா இருக்கேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். மூச்சு வாங்குகிறதா, கால்விரல் வீக்கம் வற்றியதா என்று தனித்தனியாக எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன் வந்தது. கிடைப்பது இரண்டு நிமிஷம். அதில் ஒரு நிமிஷம் "ஹலோ, கேக்குதா" என்பதிலேயே போய்விட்டது. மிச்சத்தைச் செல்வி பிடுங்கிக்கொண்டாள். உங்கள் ராணுவ முகாம் இருக்கிற அந்தப் பனிமலைக்கு டவர் வரும்வரை நமக்குக் கடிதம்தான் போலிருக்கிறது.

பேண்டேஜ் கம்பெனியில் வேலை தடையில்லாமல் இருக்கிறது. மழை பெய்து துணி காயவில்லை என்று மேஸ்திரி ஒருநாள் சீக்கிரம் அனுப்பிவிட்டார். மற்றபடி காலை எட்டரைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வீடு.

செல்வி பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஒரு எஃகுப் பெட்டி செய்திருக்கிறார்களாம். பத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்றைக்கு வீட்டில் புழங்குகிற சாமானில் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். மண்டபத்தில் வைத்து எல்லோருக்கும் காட்டிவிட்டு, பொங்கலுக்குப் பிறகு பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். ஐம்பது வருஷம் கழித்துத்தான் திறப்பார்களாம். "அப்ப உள்ள புள்ளைங்க பொக்கிஷம் மாதிரி பாக்கணும், அப்படி ஒண்ணு கொண்டு வாங்க" என்றாராம் ஆனந்தவல்லி டீச்சர். ஒருத்தி ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஒருத்தன் மிக்ஸி ஜாடி, இன்னொருத்தன் கொரோனா சமயத்து மாஸ்க். செல்விக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னாள். 29-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும்.

முத்துப்பேச்சி அத்தை தினமும் வருகிறது. நான் வேலைவிட்டு வந்து கால் கழுவுவதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும். "ஏட்டி ஜோதி, சிவபாண்டிகிட்ட இருந்து காயிதம் வந்துச்சா?" வந்திருந்தால் செல்வி படிக்க வேண்டும், அத்தை கேட்க வேண்டும். விக்னேஷ் போனபிறகு உங்கள் கடிதத்தைத்தான் தன் மகன் கடிதம் மாதிரி கேட்கிறது. கேட்டுவிட்டு, "எம்புள்ள போனாலும் இவன் இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போகிறது.

அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அன்றைக்குப் பனியில் கொடி நட்டுப் பாதை போடப் போக வேண்டியது உங்கள் முறை, உங்களுக்குக் காய்ச்சல் என்று விக்னேஷ் போனான், சரிவு இடிந்து அவனை மூடிவிட்டது என்று மார்ச் மாதம் நீங்கள் எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைப் பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். அத்தை பணியாரம் கொண்டுவந்து கொடுத்தால் முழுவதையும் செல்வி தட்டில் தள்ளிவிடுகிறேன். நீங்கள் லீவில் வந்து நீங்களே சொல்லிவிடுங்கள். எத்தனை மாதம் நான் அத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது?

ஸ்வெட்டர் பார்சல் வந்ததா?

உங்கள்,
நாகஜோதி


ராணுவத் தபால் (ஏ.பி.ஓ.) மூலம்,
22.11.2024

அன்புள்ள ஜோதிக்கு,

உன் கடிதம் நேற்று ஹெலிகாப்டரில் வந்தது. கூடவே ஸ்வெட்டரும் சீடையும். சீடையைப் பிரித்த ஐந்தாவது நிமிஷம் டப்பா காலி. நீ கேட்டபடி தனித்தனியாக எழுதுகிறேன். மூச்சு பழகிவிட்டது. விரல் வீக்கம் வற்றி நகம் கறுத்திருக்கிறது, விழுந்து முளைக்கும் என்றார்கள். பசி உண்டு. தூக்கம் பாதி.

செல்விக்கு ஒரு யோசனை. போன வாரம் முதலுதவிப் பையைச் சோதித்தபோது ஒரு பேண்டேஜ் சுருளை எடுத்துப் பார்த்தேன். கவரில் உங்கள் ராஜபாளையம் கம்பெனிப் பெயர் போட்டிருந்தது. நீ மடித்ததா, உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் மடித்ததா தெரியாது. பக்கத்தில் இருந்த பஞ்சாபிக்காரரிடம், "மை வைஃப்" என்று சுருளைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சுருளில் ஒன்றைக் கொடுக்கச் சொல். ஐம்பது வருஷம் கழித்துப் புண்ணுக்கு எதைச் சுற்றுவார்களோ, யார் கண்டது?

மற்ற விஷயம். ஜோதி, நான் சொல்லாமல் இருக்க மாட்டேன். ஏப்ரலில் லீவு கிடைக்கும். நேரில் வந்து முத்துப்பேச்சி சின்னம்மா முன்னால் உட்கார்ந்து சொல்கிறேன். அதுவரை பொறு. பிப்ரவரியில் விக்னேஷைப் பெட்டியில் கொண்டுவந்து அந்த வாசலில் இறக்கியபோதே சொல்லியிருக்க வேண்டும். சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூட இருந்தியாலே? அவன் கஷ்டப்பட்டானா?" என்று கேட்டது. "இல்ல சின்னம்மா" என்றேன்.

ஒன்று செய். அந்த மார்ச் மாதக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. எழுத்தில் இருப்பது நல்லதில்லை. எழுதியதே தப்பு. அன்று யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும், அதனால் எழுதினேன்.

பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. இனி தபால் முன்னேபின்னே ஆகும். வரவில்லை என்று பயந்துவிடாதே.

உன்,
சிவபாண்டி


சோழபுரம்,
04.12.2024

செல்வி அப்பாவுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

உங்கள் 22-ஆம் தேதிக் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. கிழித்துப் போடு என்று எழுதியிருந்தீர்கள். சரி என்று பீரோவைத் திறந்தேன். பட்டுச்சேலை மடிப்பு கலைந்திருந்தது. கடிதம் இல்லை.

எல்லாச் சேலையையும் உதறிப் பார்த்துவிட்டேன். பீரோவுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுப் பார்த்தேன். செல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "பீரோவத் தொட்டியா?" என்றேன். பையைக்கூட இறக்கி வைக்காமல் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்:

"அப்பா லெட்டர் எல்லாத்தையும் பெட்டிக்குக் குடுத்துட்டேம்மா. எங்க கிளாஸ்ல ஒருத்தர் வீட்டுக்கும் லெட்டரே வந்ததில்லையாம். டீச்சர் எல்லார் முன்னாடியும் கைதட்டச் சொன்னாங்க. நீ சாமான் குடுத்தா நம்ம பேண்டேஜத்தான் குடுப்ப, அதான் சொல்லல."

"பீரோவுல உள்ளத எதுக்குட்டி எடுத்த?"

"தேதிவாரியா அடுக்கினேன். மார்ச் மாசம் மட்டும் இல்ல. அப்பா எழுதாம இருக்க மாட்டாவளேன்னு தேடி எடுத்தேன். இருபத்திரண்டு லெட்டர், கரெக்டா இருக்கு."

"படிச்சியா?"

"இல்லம்மா. டைம் இல்ல. மண்டபத்துல படிக்கத்தான போறேன்."

வருகிற 14, 15 இரண்டு நாளும் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைக்கிறார்கள். செல்வி தன் மேஜையில் நின்று, கேட்கிறவர்களுக்கு அப்பா கடிதத்தை வாசித்துக் காட்ட வேண்டுமாம். முத்துப்பேச்சி அத்தையையும் கூப்பிட்டுவிட்டாள். அத்தை வெளுத்த சேலை ஒன்றை எடுத்துக் கஞ்சிபோட்டு வைத்திருக்கிறது.

ஆனந்தவல்லி டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். "வெள்ளிக்கிழமையே ஆட்டோவில ஏத்தி அனுப்பியாச்சேம்மா. அங்க கட்டி சீல் வச்சிருப்பாங்க. அருமையான பொருள், ஏன் திரும்பக் கேக்கீங்க?" என்றார். என்ன சொல்வது? "குடும்ப விஷயம் ஒண்ணு இருக்கு டீச்சர்" என்றேன். மண்டபத்துப் பொறுப்பாளர் நம்பர் கொடுத்தார். அவருக்கு நாலு தடவை பேசிவிட்டேன். "லிஸ்ட் போட்டாச்சும்மா. பதினாலாம் தேதி நேர்ல வாங்க, பாத்துக்கிடலாம்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார்.

இந்தக் கடிதம் உங்களிடம் வருவதற்குள் 14-ஆம் தேதி முடிந்துவிடும். தெரிந்தேதான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வேன்? ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்தால் அத்தை பக்கத்தில்தான் இருக்கும்.

உங்கள்,
நாகஜோதி


சோழபுரம்,
16.12.2024

செல்வி அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். மண்டபம் திறக்குமுன் போய் எடுத்துவிடலாம் என்று ஏழு மணிக்கே கிளம்பினேன். அத்தை எனக்கு முன்னால் தயாராக நின்றது. ராஜபாளையத்தில் பஸ் மாறி ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்வரை செல்வியை மடியில் சாய்த்துக்கொண்டு, "எம்புட்டுக் காயிதம் வாசிப்ப? விக்னேசு பேரு வருமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தால் மண்டபம் திறந்து கூட்டமே இருந்தது. இருபது லிட்டர் தண்ணீர் கேன், கேபிள் டி.வி. ரிமோட், பஸ் டிக்கெட் கட்டு, சார்ஜர் ஒயர், தலைக்கவசம், கட்டைப்பை என்று வரிசையாக மேஜை மேஜையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சின்ன அட்டையில் பெயர். நம் வீட்டில் தூக்கிப் போடுகிற சாமானுக்கெல்லாம் அட்டை. செல்வி மேஜை கடைசியில் இருந்தது. நாலைந்து கடிதம் கண்ணாடிக்குக் கீழே. மற்றதெல்லாம் கவரோடு ஒரு தட்டில். நான் போவதற்குள் பிள்ளை ஓடிப்போய் நின்றுவிட்டாள்.

பொறுப்பாளரைத் தேடினேன். மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். சரி, கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் நாமே எடுத்துவிடலாம் என்று தட்டில் கையை விட்டேன். அதற்குள் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், "எங்க பாப்பா, ஒண்ணு வாசி, கேப்போம்" என்றார். "எந்த மாசம் தாத்தா?" என்று கேட்டாள் செல்வி. அத்தை முந்திக்கொண்டு, "மாசியில எம்மகன் போனான். அதுக்கு அடுத்தாப்புல வந்தத வாசிம்மா. அத நான் கேக்கவே இல்லயே" என்றது.

செல்வி சரியாக அதைத்தான் எடுத்தாள். கவரைப் பிரித்து, "அன்புள்ள ஜோதிக்கு, இதை யாரிடமும் சொல்லாதே" என்றதும் நான் பிடுங்கிவிட்டேன். கவர் கிழிந்துபோனது. பெரியவர் பயந்து விலகினார். செல்வி அழ ஆரம்பித்தாள். அத்தை என்னையே பார்த்தது.

"ஏட்டி, அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கா புள்ள கையில இருந்து பிடுங்குன? எம்மகன் சங்கதியா?"

அதற்குமேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. ஏப்ரல்வரை பொறு என்றீர்கள். என்னால் ஏப்ரல்வரை இல்லை, அந்த மண்டபத்து வாசலைத் தாண்டிக்கூடப் பொறுக்க முடியவில்லை. அத்தையைக் கையைப் பிடித்து வெளியே படிக்கட்டுக்குக் கூட்டிவந்தேன். செருப்புகள் கிடக்கிற இடத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். அன்றைக்குப் போக வேண்டியது அவர், போனது விக்னேஷ் என்று சொன்னேன்.

அத்தை அழவில்லை. "முழுசாப் படி" என்றது. படித்தேன். நீங்கள் விக்னேஷ் கடைசியாகப் பேசியதை எழுதியிருந்தீர்களே, "அண்ணே, சாயா வச்சிருக்கேன், ஆறிப்போறதுக்கு முன்ன எந்திரிச்சுக் குடிங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழம. எங்கம்மா இந்நேரம் கறிக்கு மசாலா அரைச்சுக்கிட்டு இருக்கும்" என்று. அந்த இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தியது.

"அத இன்னொருக்கப் படி."

படித்தேன்.

"இன்னொருக்க."

மூன்று தடவை படித்தேன். அப்புறம்தான் சொன்னது: "அன்னைக்கு நான் கறி எடுக்கலட்டி. தலவலியா இருக்குன்னு ரசம் வச்சுக் குடிச்சிட்டுப் படுத்துட்டேன். அவன் அங்க கறிக்கொழம்ப நெனச்சிருக்கான்."

பிறகு என் பக்கம் திரும்பி, "பத்து மாசம் ஒன் வீட்டு வாசப்படி ஏறி எறங்குனேன். ஒரு நாளும் சொல்லணும்னு ஒனக்குத் தோணலையா ஜோதி? அவன் என்ன பேசுனான்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல. தொப்பி குடுத்தாங்க, கொடி குடுத்தாங்க. அவன் வாய்ப்பேச்ச நீ சேலைக்குள்ள வச்சிருந்திருக்க" என்றது.

சாயங்காலம் கிளம்பும்போது பொறுப்பாளரே கூப்பிட்டு, "அந்த லெட்டரை எடுத்துக்கிடுங்கம்மா, லிஸ்ட்ல அடிச்சிடுறேன்" என்றார். அத்தை குறுக்கே வந்தது.

"அடிக்காதீங்கய்யா. அது பெட்டிக்குள்ள போகட்டும்."

நான் திகைத்துவிட்டேன். அத்தை என்னிடம் சொன்னது: "எனக்கு ஒத்தப் புள்ள. கல்யாணமும் ஆகல. எனக்குப் பொறவு அவன் பேரச் சொல்ல யாரு இருக்கா? அம்பது வருசம் கழிச்சு எவ புள்ளையாவது இதப் பிரிச்சுப் படிக்கட்டும். விக்னேஷ்வரன்னு ஒருத்தன் இருந்தான், சாயா வச்சுட்டுப் போனான்னு தெரிஞ்சுக்கிடட்டும். ஆனா இது சிவபாண்டி காயிதம். ஊரு படிக்கும். அவன் சரின்னாத்தான். அவன்கிட்ட கேளு."

பெட்டியை ஜனவரி 24-ஆம் தேதி மூடுகிறார்கள். அதுவரை கடிதம் என்னிடம் இருக்கிறது. நீங்கள் சரி என்றால் வைப்பேன். வேண்டாம் என்றால் அத்தையிடம் கொடுத்துவிடுவேன், கிழிக்க மாட்டேன். உங்கள் மேல் அத்தைக்குக் கோபமா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாகப் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை.

தாமதம் பண்ணாமல் பதில் போடுங்கள்.

நாகஜோதி


ஏ.பி.ஓ. மூலம்,
19.12.2024

ஜோதிக்கு,

உன் 4-ஆம் தேதிக் கடிதம் இன்றுதான் கிடைத்தது. பட்டுச்சேலைக்குள் வைக்கிற பொருளா அது? படித்த அன்றே எரித்திருக்க வேண்டாமா? பிள்ளை கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு இப்போது வேறு யாரிடம் சொல்வேன் என்று எழுதுகிறாய். அந்தப் பிள்ளை வாயாலேயே சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்துவிட்டாய்.

மேலே எழுதியதை அடிக்க நினைத்தேன். இங்கே தாள் தட்டுப்பாடு, அப்படியே விடுகிறேன். கோபத்தில் எழுதியது.

14-ஆம் தேதி முடிந்து ஐந்து நாள் ஆகிறது. என்ன நடந்ததோ அது நடந்துவிட்டது, எனக்கு மட்டும்தான் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை லைன் இல்லாததால் இன்று எனக்குப் போன் முறை. வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். ரிசீவரைக் கையில் கொடுத்தார்கள். நம் நம்பரில் ஆறு எண் போட்டேன், அதற்குமேல் போடவில்லை. சின்னம்மா எடுத்துவிட்டால் என்ன பேசுவேன்? லைன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

வானிலை மோசம். ஹெலிகாப்டர் நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்கிறார்கள். செல்வியை அடிக்காதே. சின்னம்மா என்ன சொன்னார்கள் என்பதை மறைக்காமல் எழுது. திட்டியிருந்தால் அந்த வார்த்தையையே எழுது.

சிவபாண்டி


ஏ.பி.ஓ. மூலம்,
04.01.2025

அன்புள்ள ஜோதிக்கு,

உன் 16-ஆம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. போன கடிதத்தில் நான் எழுதிய வார்த்தைகளை மறந்துவிடு. நீ செய்ததுதான் சரி. நான் செய்யாததை நீ செய்தாய்.

பெட்டிக்குள் வைக்கலாமா என்று சின்னம்மா கேட்டிருக்கிறார்கள். உடனே "சரி, வை" என்று ஒரு சீட்டு எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். இன்று காலை அதைப் பிரித்துக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அந்தக் கடிதத்தை அப்படியே வைக்க முடியாது, ஜோதி. அதில் ஒரு பொய் இருக்கிறது.

எனக்கு அன்று காய்ச்சல் இல்லை.

முந்தின நாள் அதே சரிவில் கொடி நட்டுவிட்டு நான்தான் திரும்பி வந்தேன். பாதி வழியில் காலுக்கடியில் 'டும்' என்று ஒரு சத்தம். தண்ணீர்த் தொட்டிமேல் கல் விழுந்தால் கேட்குமே, அந்த மாதிரி. பனி உள்ளுக்குள்ளே உட்காருகிற சத்தம் அது, சரிவு இடியலாம் என்பதற்கு அடையாளம். பதினாறு வருஷ சர்வீஸில் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன். அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம் ஒன்றும் ஆகவில்லை. முகாமுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. "ஹவில்தார் சத்தத்துக்குப் பயந்துட்டார்" என்று சின்னப் பையன்கள் சிரிப்பார்கள் என்று இருந்தது. மறுநாள் மறந்துவிடும் என்றும் நினைத்தேன்.

மறுநாள் எழுந்தால் என் முறை. பூட்ஸைக் கையில் எடுத்தேன், காலில் மாட்ட முடியவில்லை. கை வேலை செய்யவில்லை. தலை சுற்றுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றேன். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. என் சர்வீஸைப் பார்த்து நம்பினார்கள். விக்னேஷ் பூட்ஸை மாட்டிக்கொண்டே, "நீங்க படுங்கண்ணே" என்றான். சாயா வைத்துவிட்டுப் போனான். அவன் கதவைத் திறந்தபோது அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று யாரும் போயிருக்க மாட்டார்கள். சொன்னால் காய்ச்சல் பொய் என்று தெரிந்துவிடும். வாயைத் திறக்கவில்லை. போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து மலை இறங்குகிற சத்தம் கேட்டது.

உன்னிடம்கூடக் காய்ச்சல் என்றுதான் எழுதினேன். பாதி சொன்னால் பாதி பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

அந்தப் பெட்டியைத் திறக்கிறவர்கள் நாம் யாரென்று தெரியாத பிள்ளைகள். அவர்களுக்கு அந்தத் தாளில் இருப்பதுதான் நிஜம். நான் காய்ச்சலில் கிடந்தேன், அவன் போனான் என்று படித்து, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பரிதாபப்படுவார்கள். அது அவனுக்குச் செய்கிற இரண்டாவது துரோகம். ஆகவே வைப்பதானால் இந்தக் கடிதத்தையும் சேர்த்து வை. வைக்குமுன் சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டு. செல்வி படிக்க வேண்டாம், நீயே படி. கேட்டபின் சின்னம்மா எதையும் வைக்க வேண்டாம் என்று சொன்னால், அதுவும் சரி. அவர்கள் சொல்வதுபோல் செய்.

இதைப் பற்றி இங்கே அதிகாரியிடமும் சொல்லப்போகிறேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை. லீவு தள்ளிப்போகலாம், வேறு எதுவும் ஆகலாம். உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

என்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. நல்லபடியாக எழுத வேண்டும் என்று இல்லை.

சிவபாண்டி


சோழபுரம்,
26.01.2025

செல்வி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் 20-ஆம் தேதி வந்தது. முதலில் என்னைப் பற்றி எழுதிவிடுகிறேன், கேட்டிருந்தீர்கள்.

பத்து மாதம் உங்கள் காய்ச்சலை நினைத்து அழுதவள் நான். பனிக்குள் காய்ச்சலோடு கிடந்தாரே, நெற்றியில் கைவைத்துப் பார்க்க ஆளில்லையே என்று நினைத்து நினைத்துச் சோற்றைத் தள்ளி வைத்திருக்கிறேன். அது பொய் என்று தெரிந்ததும் முதலில் எனக்கு விக்னேஷ் நினைப்பு வரவில்லை. "என்கிட்டயுமா?" என்றுதான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் நானும் உங்களைப்போல் எழுதியவள் ஆவேன்.

ஒருநாள் முழுக்கக் கடிதம் என் ஜாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. கம்பெனியில் பேண்டேஜ் மடித்தபடியே யோசித்தேன். அத்தைக்குப் பழைய கடிதமே போதும், அதோடு ஆறட்டும், இதை அடுப்பில் போட்டால் யாருக்குத் தெரியும் என்றுகூட நினைத்தேன். நீங்கள் எழுதிய 'டும்' சத்தம் என் காதிலேயே இருந்தது. சொல்லாமல் வைத்திருந்து நீங்கள் பட்டது போதும், நானும் அதைச் செய்ய வேண்டாம் என்று முடிவு பண்ணி, வேலைவிட்டு வந்ததும் நேரே அத்தை வீட்டுக்குப் போனேன்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. "என்ன சொல்லுதான்?" என்றது, தலை நிமிராமல். படித்தேன். "காய்ச்சல் இல்லை" என்ற இடத்தில் அத்தை கை நின்றது. முடித்ததும், "நீ வீட்டுக்குப் போட்டி" என்றது. எழுந்தேன். "கதவச் சாத்திட்டுப் போ."

இரண்டு நாள் அந்தக் கதவு திறக்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்தபோதுகூட வெளியே வரவில்லை. செல்வி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். உள்ளே நடமாடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு உயிரே இல்லை. வேறு யாரையாவது கூட்டிவந்து கதவைத் தட்டலாமா என்று நினைத்துக்கொண்டேதான் 24-ஆம் தேதி காலையில் எழுந்தேன். பெட்டியை மூடுகிற நாள். அத்தையின் வார்த்தை இல்லாமல் எதையும் வைப்பதில்லை என்று இருந்தேன்.

வாசலைத் திறந்தால் அத்தை நிற்கிறது. தலை சீவி, அந்தக் கஞ்சிபோட்ட சேலையைக் கட்டி, கையில் பை.

"ரெண்டையும் எடுத்துக்கோ. எட்டு மணி பஸ்ஸப் பிடிக்கணும்."

மண்டபத்தில் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நம் முறை வந்ததும் அத்தை இரண்டு கடிதத்தையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. பொறுப்பாளர், "சிப்பாய் ஒருவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்" என்று எழுதி வைத்திருந்த அட்டையைக் காட்டி, "இது சரிதானம்மா?" என்றார்.

"சரியில்லைய்யா. பேரு போடுங்க. எழுதுனது சிவபாண்டி. எழுதுனது எம்மகன் விக்னேஷ்வரனப் பத்தி. ரெண்டு பேரும் சோழபுரத்துக்காரங்க. ரெண்டு பேரும் பயந்தவங்கதான். பயந்துக்கிட்டே ஒருத்தன் போனான், ஒருத்தன் போகல. அம்புட்டுதான். அப்படியே எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அட்டையில் இரண்டு பெயர் மட்டும் எழுதினார். மற்ற கடிதங்களோடு அந்த இரண்டையும் அத்தை தன் கையாலேயே உள்ளே வைத்தது. மூடி கனமாக இருந்தது, நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

திரும்பும்போது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அத்தை என்னிடம் கேட்டது.

"ஏப்ரல்ல வாரானா?"

"லீவு தள்ளிப்போகலாம்னு எழுதியிருக்காவ அத்தை. ஆபீசர்கிட்ட சொல்லப் போறாவளாம்."

"எப்ப வந்தாலும் சரி. ஒன் வீட்டுக்குப் போகுமுன்ன எங்க வீட்டுக்கு வரச் சொல்லு. எம்முன்னாடி உக்காந்து, எம்முகத்தப் பாத்து, அந்தச் சத்தம் கேட்டதுல இருந்து எல்லாத்தையும் வாயால சொல்லணும். காயிதத்துல உள்ளது பொறக்கப்போற புள்ளைகளுக்கு. எனக்கு அவன் சொல்லணும். கேட்ட பொறவுதான் அவனத் திட்டவா, சோறு போடவான்னு எனக்கே தெரியும்."

சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. இன்று காலை பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அத்தை நம் வீட்டுக்கு வரவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "தண்ணி வருது, வா" என்றது. போனேன்.

நீங்கள் வருகிற நாளை எழுதுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன். அந்த வாசலுக்கு உங்களைத் தனியாகப் போக விட மாட்டேன்.

நாகஜோதி